மாடிப்படியில நின்ன பீரோ

"சாமி, எங்கிட்ட யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்காவ."

முன்சீப் மரகதவல்லி படித்துறையில வந்து நின்னதும் இதத்தான் சொன்னா. எப்படி இருக்கியன்னு ஒரு வார்த்த கெடயாது.

சாமி முழங்கால் தண்ணியில நின்னு ஜமுக்காளம் அலசிக்கிட்டிருந்தா.

சாமின்னதும் தாடிய நெனச்சுக்காதிய. உலகம்மைன்னு பேரு. நாப்பது வயசுப் பொம்பள. இவளும் முன்சீப்பும் லா காலேஜ்ல ஒரே பெஞ்சு. ஒருத்தி கவுன் போட்டு, பரிச்ச எழுதி, கோர்ட்டுல தீர்ப்புச் சொல்லுத முன்சீப் ஆயிட்டா. இன்னொருத்தி ஆத்தங்கரையில ஓட்டுச் சாய்ப்பு ஒண்ணு போட்டு, அதுக்கு மடம்னு பேர வச்சு, வாரவங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு உக்காந்துட்டா.

அவ ஏன் வக்கீலாகலன்னு கேப்பிய. காலேஜ்ல பழகிக்கிறதுக்காகப் பொய்க் கோர்ட்டு ஒண்ணு நடத்துவாவளாம். உலகம்மை வாதி பக்கம். எதிர்ப்பக்கத்துப் பையன் எந்திச்சுப் பேசுனான். இவ கன்னத்துல கை வச்சுக் கவனமாக் கேட்டா. தன் மொற வந்ததும் எந்திச்சா. "அவுங்க சொல்றது சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

வாத்தியாரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. அதான் அவளுக்கு விழுந்த மொதக் கும்பிடு.

இருக்கட்டும். ஜமுக்காளத்துக்கு வாரேன்.

"யாருட்டி சொல்ல மாட்டேங்கா?"

"கட்சிக்காரங்க. வக்கீலுங்க. எல்லாரும்தான். வாய்தா கேக்கதுக்கு மட்டும் வாயத் தொறக்காவ."

"என்ன வழக்கு?"

"அண்ணன் தம்பி வழக்கு. ஒரு வீட்டு மாடிப்படி யாருக்குச் சொந்தம்னு. படி எந் தரையில தொடங்குதுங்கான் அண்ணன். எவ் வாசல்ல முடியுதுங்கான் தம்பி. எனக்கு முன்னால இருந்த முன்சீப் காலத்துலேருந்து நடக்கு. பேப்பரு எல்லாத்தையும் படிச்சுட்டேன் சாமி. அதுல என்னமோ ஒண்ணு இல்ல. ரெண்டு பக்கமும் எதையோ முழுங்கிக்கிட்டு நிக்காவ."

"கேட்டியா?"

"நான் எப்படிக் கேக்க? வாயத் தொறந்தா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிருமே. தராசு முள்ளு பேசலாமா?"

சாமி ஜமுக்காளத்தோட ஒரு முனையத் தூக்கி அவ கையில குடுத்தா.

அமாவாசைப் பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளம் அது. தெருவுக்குப் பாதி நீளம் இருக்கும். சாம்பாரு, பாயாசம், பிள்ளைங்க மூத்திரம்னு பாக்காதது எதுவும் பாக்கி இல்ல. தனி ஆளு பிழிய முடியாது. ஆளுக்கொரு முனையப் பிடிச்சு, அவ வலப்பக்கம் முறுக்கணும், இவ இடப்பக்கம் முறுக்கணும். அப்பத்தான் தண்ணி வெளிய வரும்.

முறுக்குனாவ.

தண்ணி கொட்டுச்சு. கொட்டக் கொட்ட ரெண்டு பேரும் படியில மேல நகந்து வந்தாவ. பாதி முறுக்கையில நடுவுல தொஞ்சு, சேத்துல போயி சப்புனு படிஞ்சுது.

சாமி ஜமுக்காளத்தத் திரும்பத் தண்ணிக்குள்ள இழுத்தா. அலசுனா. மறுபடியும் முறுக்குனாவ.

மறுபடியும் நடு சேத்துல.

"விழுந்தத எப்பம் பாத்தட்டி?" சாமி கேட்டா.

"தொய்ய ஆரம்பிக்கையிலயே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களும் எதுத்தாப்புல நிக்கிய. நீங்களும் பாத்திருப்பியன்னு நெனச்சேன்."

சாமி அவள ஏற எறங்கப் பாத்தா. பெறகு ஜமுக்காளம் முழுசையும் சுருட்டி முன்சீப் கையில வச்சா.

"அலசு."

மரகதம் பட்டுச் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அலசுனா. அன்னைக்குப் படித்துறையில குளிக்க வந்த கோர்ட்டுக் குமாஸ்தா ரெண்டு பேரு அதப் பாத்துட்டு, குளிக்காமலே வீட்டுக்குப் போயிட்டாவளாம்.

*

திங்கக்கெழம அந்த வழக்கு வந்துச்சு.

கோர்ட்டுன்னதும் எங்க சித்தப்பாவச் சொல்லாம முடியாது. ஒரு அடிதடிக் கேசுல சாட்சி சொல்லப் போனாரு. "கேட்டதுக்கு மட்டும் பதிலு. கேக்காதத வாயத் தொறந்து சொல்லப்படாது"ன்னு வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரு. சித்தப்பா கூண்டுல நிக்காரு. எதிர் வக்கீலு கிட்ட வந்து கேள்வி கேக்காரு. அவரு கவுன் மேல ஒரு நட்டுவாக்காலி ஏறுது. இடுப்புக்கு வந்துட்டு. தோளுக்கு வந்துட்டு. சித்தப்பா கண்ணு அதுலயே நிக்கி.

"சொல்லும், என்ன பாத்தீரு?"

"அன்னைக்கா, இன்னைக்கா?"ன்னாரு சித்தப்பா.

"அன்னைக்கு."

சித்தப்பா அன்னைக்குப் பாத்தத மட்டும் சொன்னாரு. அந்த வக்கீலு பாவம், ரொம்ப நாளைக்குக் கழுத்தத் திருப்ப முடியாமக் கெடந்தாரு.

இதுவும் இருக்கட்டும்.

வழக்கக் கூப்பிட்டாவ. அண்ணங்காரன் பேரு கோமதிநாயகம். வீட்டுல கீழ்ப் பாகம் அவனுக்கு. தம்பி குற்றாலிங்கம், மேல் பாகம். அப்பா பாகம் பிரிச்சுக் குடுக்கையில அறை, அடுக்களை, கெணறுன்னு எல்லாத்தையும் பிரிச்சாரு. படிய மறந்துட்டாரு.

அண்ணன் வக்கீலு எந்திச்சாரு. "ஒரு வாய்தா வேணும் மேடம்."

தம்பி வக்கீலு எந்திச்சாரு. "ஆட்சேபண இல்ல மேடம்."

வழக்கமா அதோட அடுத்த வழக்குக் கட்டு வந்துரும். அன்னைக்கு மரகதவல்லி பேனாவக் கீழ வச்சா.

"ஒண்ணு கேக்கேன். அந்தப் படியில தெனம் யாரு ஏறுதா, யாரு எறங்குதா?"

ரெண்டு வக்கீலும் ஒரே நேரத்துல எந்திச்சாவ.

"அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது மேடம்"னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாவ.

முன்சீப்புக்குச் சிரிப்பு வந்துட்டு.

"இந்த வழக்குல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப் பேசி நான் கேட்டதே இல்ல. அப்ப விஷயம் அங்கதான் இருக்கு. உக்காருங்க. கட்சிக்காரங்க எந்திங்க."

கட்சிக்காரங்கள நேரா நிறுத்தி என்ன ஏதுன்னு கேக்கதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு பாத்துக்கிடுங்க. யாரும் கேக்கதில்ல, அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் எந்திச்சாவ. பேச்சுவார்த்த இல்லாத ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டாவ.

"சொல்லுங்க தம்பி. அந்தப் படியில எப்படிப் போறிய, வாரிய?"

குற்றாலிங்கம் வக்கீலப் பாத்தான். வக்கீலு விட்டத்தப் பாத்தாரு.

"சைடா போறோம் மேடம்."

"சைடான்னா?"

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு. இந்தா, இப்படி." ஒருக்களிச்சு நடந்து காட்டுனான்.

"ஏன்?"

அண்ணங்காரன்தான் சொன்னான், தரையப் பாத்துக்கிட்டு.

"நடுப் படியில பீரோ நிக்கி."

அப்புறம்தான் ஒண்ணொண்ணா வந்துச்சு. அவங்க அம்மா ஆவுடையம்மா ஆச்சி கீழ் வீட்டுலதான் இருந்தா. பெறகு மேல் வீட்டுக்குப் போனா. அவ பீரோவ மேல ஏத்த தம்பி ஆளுங்களுக்குச் சொல்லி வச்சான். அதக் கேட்டு அண்ணன் கோர்ட்டுக்கு ஓடுனான். இருந்தது இருந்தபடி இருக்கணும்னு பழைய முன்சீப் தடை உத்தரவு போட்டாரு. கோர்ட்டு அமீனா வந்து படிக்குக் கீழ நின்னு அதச் சத்தமா வாசிச்சப்ப, பீரோ படி வளைவுல தூக்குன தோள்ல இருந்துச்சு.

சொமக்குற ஆளுங்க என்ன செய்வாவ, பாவம். கோர்ட்டு உத்தரவுல்லா. அங்கயே எறக்கி வச்சுட்டு, கூலிய வாங்கிட்டுப் போயிட்டாவ.

அதுலேருந்து பீரோ அங்கயே நிக்கி.

"நகத்தக் கூடாதா?"ன்னு மரகதவல்லி கேட்டா.

"தொட்டா நம்ம கேசு போச்சுன்னு வக்கீலு சொன்னாரு"ன்னான் அண்ணன்.

"எங்க வக்கீலும் அதேதான்"ன்னான் தம்பி.

"இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

அண்ணன் வக்கீலு மெதுவா எந்திச்சாரு. "சொன்னா நீங்க தடைய எடுத்துருவியளோன்னு மேடம்."

தம்பி வக்கீலு அத விட மெதுவா எந்திச்சாரு. "கீழ இருந்த பீரோவ நாங்கதான் எடுத்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு மேடம்."

"சரி. ஆச்சி எப்படி எறங்குதா?"

ரெண்டு வக்கீலும் பேப்பர்க் கட்டப் பொரட்ட ஆரம்பிச்சாவ.

ஆவுடையம்மா ஆச்சி நல்லா ஆகிருதியான பொம்பள. ஒருக்களிச்சாலும் ஒண்ணுதான், நேரா நின்னாலும் ஒண்ணுதான்.

"அம்மா எறங்கல மேடம்"னான் கோமதிநாயகம். "நாளைக்குத் தேரு. எங்க வாசல் வழியாத்தான் வரும். வாழ வந்த நாள்லேருந்து வடம் இழுக்கவங்களுக்கு அம்மா கையாலதான் பானகம். போன வருஷம் ஜன்னல்ல நின்னு பாத்தா. தேரு எங்க வாசலத் தாண்டையில நான் மேல பாக்கல."

முன்சீப் பேனாவத் திரும்பக் கையில எடுத்தா.

"வழக்கு அப்படியே கெடக்கட்டும். படி யாருக்குன்னு பெறகு பாப்போம். பீரோவ நகத்த ரெண்டு பேருக்கும் சம்மதம்னா, ரெண்டு வக்கீலும் சேந்து ஒரே மனுவுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சாயங்காலம் நானே வந்து அந்தப் படியப் பாக்கேன். எல்லாரும் அங்க இருக்கணும்."

வக்கீலுங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாவ. ஒருத்தருகிட்ட பேனா இல்ல. மத்தவரு குடுத்தாரு.

*

சாயங்காலம் போனா படியில ஏறுததே பெரும்பாடு. முன்சீப் ஒல்லி. ஒருக்களிச்சு மேல போயிட்டா. வக்கீலுங்க ரெண்டு பேரும் தொப்பையோட கீழயே நின்னுக்கிட்டாவ.

மேல, கடைசிப் படிக்கு மேல, ஆச்சி முக்காலி போட்டு உக்காந்திருந்தா. மடியில பேத்தி. பீரோவப் பாத்தபடியே வளந்த பிள்ள அது. அதுக்கு "அம்மா", "ஆச்சி"க்கு அடுத்தாப்புல வந்த வார்த்த "பீயோ".

ஆச்சி பக்கத்துல கயிறு கெட்டுன கூடை ஒண்ணு கெடந்துச்சு.

"இது எதுக்கு ஆச்சி?"

"பெரியவன் தெனம் காலையில தெருவுல நின்னு கூப்பிடுவான். நான் கூடைய எறக்குவேன். வெத்தல வச்சு அனுப்புவான். வழக்குப் போட்டது அவந்தான். வெத்தலையும் அவந்தான்."

"தண்ணி குடிக்கியளா மேடம்?"னு மருமக கேட்டா.

"வழக்கு முடியட்டும்மா. இப்ப எந்தப் பக்கமும் குடிக்கப்படாது."

தேருக்கு வடம் கெட்டப் போயிட்டதால ஊர்ல சொமக்க ஆளில்ல. அண்ணனும் தம்பியுமே வேட்டிய மடிச்சுக் கட்டுனாவ. தம்பி பீரோவுக்கு மேல் பக்கம், அண்ணன் கீழ் பக்கம்.

"எறக்கு"ன்னான் அண்ணன்.

"ஏத்து"ன்னான் தம்பி.

அவன் கீழ இழுத்தான். இவன் மேல இழுத்தான். பீரோ கதவு கடகடன்னு ஆடுச்சே தவிர அசையல. ஆச்சி பேத்தியோட காதப் பொத்துனா.

"நிறுத்துங்க"ன்னா மரகதவல்லி. ஆச்சிகிட்டத் திரும்புனா. "ஆச்சி, பீரோ ஒங்களுது. எங்க வைக்கணும்?"

ஆச்சி பேத்தியோட காதுலேருந்து கைய எடுத்தா.

"இதக் கேக்க ஒரு முன்சீப் வர வேண்டியிருக்கு பாத்தியா. நான் எதுக்கும்மா மேல வந்தேன்? சின்னவன் பொஞ்சாதிக்குப் பேறுகாலம் பாக்க வந்தேன். பாத்துட்டுக் கீழ போயிருப்பேன். மாத்துச் சேலை எடுக்கணும்னு இவங்கிட்ட ஒரு வார்த்த சொன்னேன். இவன் பீரோவையே தூக்கிட்டான்."

"நீதானம்மா பீரோன்னு சொன்ன?"ன்னான் தம்பி.

"பீரோவுல இருந்து எடுன்னு சொன்னேன்ல."

அண்ணங்காரன் பீரோவுக்கு அந்தப் பக்கம் நிக்கான். மூஞ்சி தெரியல. சத்தம் மட்டும் வந்துச்சு.

"நீ ஒரேயடியாப் போறன்னுல்லா நெனச்சேன்ம்மா."

"போறவ சொல்லிட்டுப் போக மாட்டாளால?"

"நீயும் சொல்லல. நானும் கேக்கல."

"பீரோ கீழயே கெடக்கட்டும்"னா ஆச்சி. "நான் மேலயும் இருப்பேன், கீழயும் இருப்பேன். அதுக்குத்தானல ஒங்கப்பா படி கெட்டுனாரு."

கீழ நின்ன ரெண்டு வக்கீலும் அதக் கேட்டாவ. அவ்வளவு கட்டுப் பேப்பருலயும் அந்த வரி இல்ல.

சரி, எறக்கதுன்னு ஆயிட்டு. அண்ணன் கீழ நின்னு பாரத்தத் தாங்கணும், தம்பி மேல நின்னு விட்டுக் குடுக்கணும். ரெண்டு பேருக்கும் நடுவுல பீரோ. இவனுக்கு அவன் தெரியாது, அவனுக்கு இவன் தெரியாது.

"விடுதேன்."

"விடு."

பீரோ ஒரு சாண் நகந்துச்சு. நின்னுட்டு.

"விடுல."

"விட்டுட்டேன். நீதான் தள்ளுத."

"நான் ஏன் தள்ளப் போறேன்? நீ பிடிச்சுக்கிட்டு நிக்க."

"பாத்தியளா மேடம், எப்பவும் இப்படித்தான்"ன்னான் தம்பி.

மேல இருந்து மரகதவல்லிக்குத் தெரியுது. பீரோவோட கால் ஒண்ணு கைப்பிடிக் கம்பியில இரும்புப் பூவுக்குள்ள மாட்டியிருக்கு. தம்பி நிக்கிற பக்கத்துக் கால்.

பாத்தா. பழக்கம் விடுமா? வாய் தானா மூடிக்கிட்டு.

பீரோ கிறீச்சுன்னு கத்துச்சு. காரை உதுந்து படியெல்லாம் கொட்டுது. ஆச்சி முன்சீப்பயே பாக்கா.

சேத்துல சப்புனு விழுந்தது எதுவோ முன்சீப்புக்கு ஞாபகம் வந்திருக்கணும்.

"நில்லுங்க. கால் கம்பியில மாட்டியிருக்கு. மேல இருக்கவரு ஒரு விரக்கடை தூக்கணும். கீழ இருக்கவரு அது வரைக்கும் இழுக்கப்படாது."

கீழ இருந்து ஒரு வக்கீலு தலைய நீட்டுனாரு. தொழில் புத்தி.

"மேடம், இது யாரு பக்கம்?"

"பீரோ பக்கம்."

தம்பி தூக்குனான். அண்ணன் தாங்குனான். கால் விடுபட்டுச்சு. "வலப்பக்கம் செவரு"ன்னா முன்சீப். "இப்பப் படி இருக்கு, ஒண்ணு. இன்னொண்ணு." பேத்தி கையத் தட்டிக்கிட்டு "பீயோ, பீயோ"ன்னுச்சு. கடைசிப் படி வரும்போது ரெண்டு வக்கீலும் கவுன முறுக்கி இடுப்புல சொருகிக்கிட்டு ஆளுக்கொரு மூலையப் பிடிச்சுக்கிட்டாவ.

ஆச்சி எறங்குனா. கைப்பிடியப் பிடிச்சு, ஒவ்வொரு படியா, யாரும் பிடிக்க வேண்டாம்னுட்டு.

கீழ வந்ததும் மொதல்ல பீரோக் கதவத் தொறந்து அந்த மாத்துச் சேலைய எடுத்தா.

*

மறுநா தேரு. அந்த வெயில்லயும் ஆச்சி வாசல்ல நின்னா. வெல்லம் கீழ் வீடு, எலுமிச்சம்பழம் மேல் வீடு. அண்ணன் அண்டாவுல கலக்குதான், தம்பி டம்ளர் கழுவுதான். ஏலக்கா போட்டது பத்தாதுன்னு அங்கயும் ஒரு சண்ட.

முன்சீப் கூட்டத்தோட கூட்டமா அந்தப் பக்கம் வந்தா. ஆச்சி பாத்துட்டா.

"ஏம்மா, ஒரு வாய் பானகம்."

"வழக்கு முடியட்டும் ஆச்சி. அப்பம் வந்து குடிக்கேன்."

ஆச்சி ரெண்டு மகன்மாரையும் திரும்பிப் பாத்தா.

"ஏல, கேட்டியளா? அந்தப் பிள்ளைக்குத் தாகமா இருக்கு."

*

அடுத்த அமாவாசை கழிஞ்சு ஒரு சனிக்கெழம மரகதம் படித்துறைக்கு வந்தா. ஜமுக்காளம் தண்ணியில கெடந்துச்சு. அடுத்த பந்தி முடிஞ்சிருக்கும் போல.

"என்னட்டி, வழக்கு முடிஞ்சுதா?"

"எங்க சாமி. படி பொதுன்னு எழுதிக்கிட ஒத்துக்கிட்டாவ. வெள்ளையடிக்கது யாருன்னு இப்பச் சண்ட. ஆனா இப்பச் சொல்லுதாவ. எல்லாத்தையும் சொல்லுதாவ. எந்த வக்கீலு குறட்ட விடுதாருங்கது வரைக்கும் சொல்லுதாவ. காது வலிக்கி."

சாமி சிரிச்சா. ஒரு முனையத் தூக்கிக் குடுத்தா. இவ வலப்பக்கம், அவ இடப்பக்கம். முறுக்குனாவ.

"நடு தொய்யுது"ன்னா மரகதம் ஒடனே.

ரெண்டு பேரும் தூக்கிப் பிடிச்சாவ. விழல. தண்ணி ஓடி வடிஞ்சுது.

பிழிஞ்சு, கல்லு மேல விரிச்சுப் போட்டாவ. மரகதம் கையத் தொடச்சுக்கிட்டே சாமிய ஒரு மாதிரிப் பாத்தா.

"அன்னைக்கு நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னிய? எனக்குப் புத்தி வரட்டும்னு பேசாம இருந்தியதான?"

"நான் எங்கட்டி பாத்தேன்? வெயிலு எங் கண்ணுலல்லா அடிச்சுது."